பாரம்

நில அலுவலகம் தந்த பாரத்தில் பதினோரு கேள்விகள்.
மூன்றாவதிலேயே மாட்டிக்கொண்டோம்:
வழிபாட்டுத் தலத்தைத் தோற்றுவித்தவர் யார்?

நான் பொருளாளர், தவமலர்.
பகாவ் பட்டணத்தில் டயர் கடையில் கணக்கெழுதுகிறேன்.
சாமியைவிட ரசீதை நம்புகிறவள் என்று
தலைவரே மைக்கில் சொல்லியிருக்கிறார்.
மறுக்கவில்லை.

தோட்டம் கைமாறிவிட்டது.
மூன்றாம் கட்டையில், செம்பனைக்கு நடுவே,
முழங்கால் உயரத்தில் ஒரு கல்.
தீபாவளிக்குள் பெயர்த்துப்
பட்டணத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

யார் நட்டது?
முனியாண்டி என்றார் தலைவர்.
சாமி பேரில்லை, நட்டவர் பேர் என்றேன்.
முனியாண்டியே இல்லை, மதுரைவீரன் என்றார் செயலாளர்.
அன்றைய கூட்டம் அத்தோடு கலைந்தது.

இரும்புக்கடை சியூ தவுக்கேயிடம் கேட்டேன்.
கொட்டகைப் பன்றிகள் வரிசையாய்ச் செத்த வருடம்
அவர் அப்பா அதற்குச் சிவப்புத் துணி கட்டினாராம்.
அவர்கள் வீட்டில் அதற்குப் பெயர் டத்தோ.
பேச்சோடு பேச்சாக
நாலு நம்பர் ஏதும் கனவில் வந்ததா என்றார்.

பழைய காவலாளி பாக் டெராமான்
கை இரண்டையும் விரித்துக் காட்டினார்.
நான் அதைக் கும்பிட்டவனில்லை, எழுதிக்கொள்.
ஆனால் எழுபத்தொன்றில் வெள்ளம் வந்த ராத்திரி
தோட்டத்தில் மேடு அது ஒன்றுதான்.
என் பிள்ளைகள் மூன்று பேர், உங்கள் பிள்ளைகள் எத்தனையோ,
கல்லைச் சுற்றி ஒரே தார்பாயில்.
விடியும்வரை
அவரவருக்குத் தெரிந்ததை ஓதிக்கொண்டிருந்தோம்.

இரவுச் சந்தையில் பெத்தாய் விற்கும் மெலோர்,
சுங்கை லூயிக் காட்டுக்காரி, கேட்டுவிட்டுச் சிரித்தாள்.
நட்டதா?
ரப்பருக்கு முன்னால் காடு இருந்ததே,
அப்போதே அது அங்கேதானே நின்றது.

கட்டம் ஒரு விரல் அகலம்.
"இருந்தது" என்று எழுதினேன்.

அடுத்த கேள்வி முகவரி, மாநிலம்.
நெகிரி செம்பிலான்.
பெயரே ஒன்பது நாடு.
எந்த ஒன்பது என்று ஐந்தாம் வகுப்பில் ஒப்பித்துப்
பென்சில் பெட்டி பரிசு வாங்கினேன்.
இப்போது ஆறுதான் வருகிறது.
பெட்டி இருக்கிறது.

பெயர்த்த அன்று மழை.
முழங்கால் உயரம் என்று நினைத்தோமே,
மண்ணுக்குள் ஆள் உயரம் போயிற்று.
வேர் வெட்டியவர்கள் தோட்டத்துப் புது ஆட்கள்:
லோம்போக்கிலிருந்து இருவர்,
நேப்பாளத்துத் தேக் தாமாங்.
கிரேன் ஒருமுறை முனகி நின்றது.
தலைவர் தேங்காயோடு ஓடினார்.
கிரேன்காரர் டீசல் ஊற்றினார்.
எதனால் எழும்பியது என்று இரண்டு கட்சி உண்டு.

லாரி போன பிறகு
குழியை யாரும் பார்த்ததாக நினைவில்லை.

அடுத்த சனிக்கிழமை
சங்கிலி வாடகை பாக்கிக்காகப் போனேன்.
குழி நிறைய மழைத்தண்ணீர்.
கரையில் உள்ளங்கையளவு ஆற்றுக்கல்,
மேலே குங்குமத்தில் பிசைந்த அரிசி,
ஒற்றை ஊதுபத்தி.
தேக் எழுந்து நின்றான், திருடியவன் மாதிரி.
அரைகுறை மலாயில் சொன்னான்:
காலியாக விடக்கூடாது, அக்கா.
எங்கள் ஊரில் விடமாட்டோம்.

பிறகு சட்டைப்பையைத் தடவி
நனைந்த ஒரு ரிங்கிட்டை நீட்டினான்.
எனக்குக் கை பழக்கம். ரசீது கிழித்தேன்.
பெயர்: தேக் தாமாங்.
முகவரி: இதே இடம்.
எந்தக் கோயில் என்ற வரியில் பேனா நின்றது.
மழை திரும்பத் தூற ஆரம்பிக்கவும்
அப்படியே கிழித்துக் கொடுத்துவிட்டேன்.

பட்டணத்தில் இப்போது
ஓடு பதித்த மேடையில் நிற்கிறது கல்.
தீர்ப்பு வராததால்
பலகையில் இரண்டு பெயரும் உண்டு.
சியூ தவுக்கே மின்விசிறி வாங்கிக் கொடுத்தார்.
எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கிறது.

அந்த ஒரு ரிங்கிட் மட்டும்
எந்தத் தலைப்பிலும் அடங்காமல்
ஆண்டுக் கணக்கில் இடித்துக்கொண்டே இருக்கிறது.
தணிக்கையாளர் ஒவ்வொரு வருடமும்
பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பித் தருகிறார்.
நானும் ஒவ்வொரு வருடமும்
முன்கொணர்ந்தது என்று எழுதிப்
பக்கத்தைத் திருப்புகிறேன்.